சூடாக்கி வைத்த வண்டி

காலையில் முதல் முறை கிளப்பும்போது மட்டும் அந்தச் சத்தம் வரும். தூரத்தில் யாரோ தையல் மெஷின் ஓட்டுவது போல, டிக் டிக் டிக் என்று. ஐந்து நிமிடம், மிஞ்சினால் பத்து நிமிடம். திருநாவலூர் கோயில் தெருவைத் தாண்டி நெடுஞ்சாலைக்கு வருவதற்குள் சத்தம் அடங்கிவிடும். அடங்கியதும் நானும் மறந்துவிடுவேன். மறுநாள் காலையில் திரும்பக் கேட்கும். 2006இல் வாங்கிய சின்ன பெட்ரோல் கார். பதினைந்து வருடம் ஆன வண்டியில் ஏதோ ஒன்று சத்தம் போடத்தான் செய்யும் என்று விட்டிருந்தேன்.

உளுந்தூர்பேட்டைப் பக்கம் புளியமரத்தடியில் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் அண்ணனிடம் வேறு ஒரு வேலைக்காகப் போனபோது பேச்சுவாக்கில் சொன்னேன். "வண்டி இப்ப சூடா இருக்கு சார், இப்பப் பார்த்தா தெரியாது. ராத்திரி இங்கயே விட்டுட்டுப் போங்க" என்றார். மறுநாள் காலை என்னை அருகில் நிறுத்திக்கொண்டுதான் கிளப்பினார். சத்தம் வந்தது. ஒரு பழைய கோணித்துண்டை மடித்து, பின்னால் சைலன்சர் வாயில் சில விநாடி அழுத்திப் பிடிக்கச் சொன்னார். பிடித்தேன். முன்னால் சத்தம் இரண்டு பங்காயிற்று. பிறகு எஞ்சினை நிறுத்தி, தகட்டு மூடியைக் கழற்றி, டார்ச் அடித்துக் காட்டினார். இரும்பும் அலுமினியமும் சேரும் இடத்தில், மை தடவிய விரலால் இழுத்தது போல ஒரு கரிக்கோடு.

"எஞ்சின் சத்தம் இல்ல சார் இது. மேனிஃபோல்ட் பேக்கிங் போயிடுச்சு."

புத்தகத்தில் அதை கேஸ்கட் என்பார்கள். பட்டறையில் பேக்கிங். எஞ்சின் சிலிண்டரில் எரிந்த புகை வெளியே வரும் வாசலில், வார்ப்பிரும்பால் ஆன மேனிஃபோல்ட் என்ற பல கிளைக் குழலைப் பூட்டியிருப்பார்கள். இரண்டு உலோகப் பரப்புகளை எவ்வளவு இழைத்து எவ்வளவு முடுக்கினாலும் கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளம் இருக்கும். அதை நிரப்ப நடுவில் ஒரு மெல்லிய தகடு வேண்டும். அலுமினியம் சூட்டில் வார்ப்பிரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். ஒவ்வொரு முறை எஞ்சின் சூடாகி ஆறும்போதும் இவை இரண்டும் ஒன்றை ஒன்று உரசி நகர்கின்றன. அந்த நகர்வை முழுக்கத் தாங்குவது நடுவில் இருக்கும் தகடுதான். பதினைந்து வருடம் தாங்கிவிட்டு ஒரு மூலையில் எரிந்து பிய்கிறது. அந்தச் சந்து வழியே ஒவ்வொரு வெடிப்புக்கும் ஒரு பிடி புகை சீறி வெளியேறுவதுதான் தையல் மெஷின் சத்தம். எஞ்சின் சூடானதும் உலோகம் விரிந்து சந்து குறுகுவதால் சத்தம் அமுங்குகிறது. அமுங்குவதால் ஓட்டை அடைந்துவிட்டது என்று பொருள் இல்லை.

அண்ணன் இரண்டு விஷயம் சொன்னார். ஒன்று, செலவு. "பேக்கிங் 300 ரூபாதான் சார். ஆனா அந்த ஸ்டட்டுங்க துருப்பிடிச்சு நிக்குது. கழட்டும்போது ஒண்ணு உடைஞ்சாலும் வேலை எங்கயோ போயிடும்." இன்னொன்றை, நான் வண்டியில் ஏறிக் கதவைச் சாத்திய பிறகு, ஜன்னல் பக்கம் குனிந்து சொன்னார். "மாத்தற வரைக்கும் கண்ணாடிய ஏத்திட்டு ஓட்டாதீங்க. உள்ள ஃபேனும் போடாதீங்க. புகை உள்ள வரும். வாசனை வந்தாதான் தெரியும்னு நெனைக்காதீங்க."

நான் மாற்றவில்லை. வண்டியை விற்றுவிடலாம் என்று ஏற்கெனவே யோசித்துக்கொண்டிருந்தேன். விற்கப்போகிற வண்டிக்கு எதற்குச் செலவு என்று நினைத்தேன். இந்தக் கட்டுரை அந்த நினைப்பைப் பற்றியது.

*

வாங்க வந்தவன் என்னிடம் ஒன்பதாம் வகுப்பில் வரலாறு படித்தவன். இப்போது கூட்டு ரோட்டில் டீக்கடை வைத்திருக்கிறான். மனைவி, ஆறு வயதில் ஒரு பெண் குழந்தை. முதல் கார். 2021 ஐப்பசியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தான். லாரி ஓட்டும் பெரியப்பா மகனைக் கூட்டிவருவதாகவும் சொன்னான்.

அன்று காலை எட்டரைக்கு நான் வண்டியை எடுத்து மடப்பட்டு வரை போய்வந்தேன்.

பேட்டரிக்காக என்று சொல்லிக்கொண்டேன். மனைவி கேட்டபோதும் அதையேதான் சொன்னேன். நாலு நாள் ஓடாமல் நின்ற வண்டி, ஒரு ஓட்டம் ஓடினால் நல்லது. பொய் என்று சொல்ல முடியாது. பேட்டரிக்கு அது நல்லதுதான். ஆனால் அவர்கள் வந்து, அந்த லாரிக்காரத் தம்பி பானட்டைத் திறந்து காதைக் கொடுத்துக் கேட்டபோது எஞ்சின் சூடாக இருந்தது. ஒரு சத்தமும் இல்லை. "ஸ்மூத்தா இருக்கு" என்றான்.

என் பழைய மாணவன் எஞ்சினைப் பார்க்கவே இல்லை. என்னைப் பார்த்துச் சிரித்தபடி, "நீங்க வச்சிருந்த வண்டி சார். இதுல எதுனா இருந்தா நீங்களே சொல்லியிருப்பீங்க" என்றான்.

நான் சொன்னேன். இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பின்னால் பல வாரம் இதைத்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். "காலைல எடுக்கும்போது சைலன்சர் பக்கம் லேசா ஒரு சத்தம் வரும் தம்பி. ஒரு பேக்கிங் மாத்தணும். அவசரமில்ல." அவன் தலையாட்டினான். பணத்தை எண்ணிக் கொடுத்தான். அண்ணன் சொன்ன இரண்டில் முதல் பாதி அவனுக்குப் போய்ச் சேர்ந்தது. ஜன்னல் பக்கம் குனிந்து சொன்ன இரண்டாவது பாதி என்னோடு நின்றுவிட்டது. அதன் இடத்தில் 'அவசரமில்ல' என்று நான் ஒரு சொல்லை வைத்தேன்.

*

விற்பவன் எவ்வளவு சொல்ல வேண்டும் என்பது பழைய கேள்வி. ரோமாபுரியின் சிசரோ கி.மு. 44இல், தன் மகனுக்கு எழுதும் பாவனையில் கடமைகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதன் மூன்றாம் பகுதியில் இரண்டு ஸ்டோயிக் ஆசிரியர்களை எதிரெதிரே உட்கார வைக்கிறார். பாபிலோனின் டயோஜனிஸ் ஒருவர், அவருடைய மாணவரான டார்சஸின் ஆன்டிபேட்டர் இன்னொருவர். ஒருவன் தன் வீட்டை விற்கிறான். வீடு உடம்புக்கு ஆகாதது, மரம் உளுத்தது, படுக்கையறையில் பாம்பு வருகிறது. அவனைத் தவிர வேறு யாருக்கும் இது தெரியாது. சொல்லாமல் விற்றால் தவறா?

ஆன்டிபேட்டர் தவறுதான் என்கிறார். வழி தெரியாமல் அலைபவனுக்கு வழி காட்டாமல் இருப்பதைவிட இது மோசம், ஏனெனில் இங்கே தெரிந்தே ஒருவனைத் தவறான வழியில் இறங்க விடுகிறாய். டயோஜனிஸ் கேட்கிறார்: உன்னை வாங்கச் சொல்லி யாராவது கட்டாயப்படுத்தினார்களா? மறைப்பது வேறு, பேசாமல் இருப்பது வேறு. தன் வீட்டின் குறைகளைத் தானே தண்டோரா போட்டு விற்பவனைவிட முட்டாள் உண்டா?

டயோஜனிஸை எளிதாகத் தள்ளிவிட முடியாது. பழைய வண்டி விற்ற எவருக்கும் அவர் பக்கம் ஒரு நியாயம் தெரியும். பதினைந்து வருட வண்டியில் குறை இல்லாமல் இருக்குமா? அதனால்தானே விலை குறைவு? வாங்குபவன் ஆள் கூட்டிவந்து பார்க்கிறானே? எல்லாக் குறையையும் ஒருவன் அடுக்கத் தொடங்கினால் சந்தை என்று ஒன்று நடக்குமா?

நம் நாட்டுச் சட்டமும் முதல் பார்வைக்கு டயோஜனிஸ் பக்கம்தான் நிற்கிறது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் 17ஆம் பிரிவு மோசடி எது என்று வரையறுக்கிறது. வெறும் மௌனம் மோசடி ஆகாது என்பது அதன் விளக்கம். எடுத்துக்காட்டாக ஒரு குதிரையைக் கொண்டுவருகிறது. ஒருவன் ஏலத்தில் குதிரை விற்கிறான். அது நோயுள்ளது என்று அவனுக்குத் தெரியும். வாய் திறக்கவில்லை. மோசடி இல்லை. ஆனால் சட்டம் அங்கேயே நிற்கவில்லை. வாங்குவது அவனுடைய மகள், அப்போதுதான் உரிய வயதை அடைந்தவள் என்றால்? அந்த உறவு பேசும் கடமையை உண்டாக்குகிறது. சரி, வாங்குபவன் 'நீ மறுக்காவிட்டால் குதிரை நல்லது என்றே எடுத்துக்கொள்கிறேன்' என்று சொல்லி, விற்பவன் பேசாமல் இருந்தால்? அந்த மௌனமே பேச்சு.

ஓய்வுபெற்ற பிறகு இதைப் படித்தபோது அந்த ஞாயிற்றுக்கிழமை அப்படியே நினைவுக்கு வந்தது. 'எதுனா இருந்தா நீங்களே சொல்லியிருப்பீங்க' என்பது மூன்றாவது குதிரை. என்னிடம் படித்தவன் என்பது கிட்டத்தட்ட இரண்டாவது. ஆனால் என்னிடம் ஒரு பதில் இருந்தது: நான்தான் சொன்னேனே! நான் மௌனமாக இல்லையே! பேக்கிங் மாத்தணும் என்று என் வாயால் சொன்னேனே!

*

மார்கழியில் ஒரு நாள் அவன் கடையில் டீ குடிக்க நின்றேன். கல்வராயன் மலைக்குப் போய்வந்ததைச் சந்தோஷமாகச் சொன்னான். கள்ளக்குறிச்சி போய், கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலை வரை போயிருக்கிறார்கள். "செம குளிர் சார். கண்ணாடியெல்லாம் ஏத்திட்டுத்தான் போனோம். வண்டி நல்லா இழுத்துச்சு." பிறகு சொன்னான்: "பாப்பாதான் பாவம், ரெண்டு வாட்டி வாந்தி எடுத்துட்டா. மலை ஏறினா அப்படித்தானே? அவங்கம்மாவுக்கும் ஒரே தலைவலி. அவளுக்கு பஸ்ல போனாக்கூட ஒண்ணும் ஆவாது. மேல எறங்கி நடந்ததும் ரெண்டு பேருக்கும் சரியாயிடுச்சு. திரும்ப எறங்கும்போது மறுபடியும்."

டீ கிளாஸ் கையில் இருந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்கும் சொல்லவில்லை.

மலைப்பாதை வளைவில் குழந்தைகள் வாந்தி எடுப்பது எல்லா வீட்டிலும் நடப்பது. ஆனால் கார்பன் மோனாக்சைடு செய்வதும் அதுவேதான்: தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், அசதி. நிறம் இல்லை, மணம் இல்லை. நம் இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின், ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான இறுக்கத்தோடு இந்த வாயுவைப் பிடித்துக்கொள்ளும். ஒருமுறை பிடித்தால் எளிதில் விடாது. நல்ல காற்றுக்கு வந்த பிறகும் அதில் பாதி வெளியேற நாலைந்து மணி நேரம் ஆகும். வண்டியில் இருக்கும்போது தலைவலி, இறங்கி நடந்தால் தெளிவு, ஏறினால் மறுபடி தலைவலி, அதுவும் ஒருவருக்கு மட்டுமல்லாமல் இரண்டு பேருக்கு என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது வளைவுகளை அல்ல.

மேனிஃபோல்டில் கசியும் புகை, குழலில் போகும் புகையைவிடக் கொடியது. பெட்ரோல் வண்டியின் குழலில் கன்வர்ட்டர் என்ற பெட்டி இருக்கிறது. இந்த நச்சு வாயுவின் பெரும்பகுதியை மாற்றி அனுப்புவது அதுதான். பேக்கிங் ஓட்டையோ அதற்கு முன்னாலேயே இருக்கிறது. அதில் வருவது பச்சைப் புகை. பானட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவே இருக்கும் சல்லடை வழியாகத்தான் வண்டிக்குள் காற்று போகிறது. மலை ஏறும்போது எஞ்சின் முக்குகிறது, புகையின் அழுத்தம் கூடுகிறது, குளிருக்குக் கண்ணாடி ஏறியிருக்கிறது, ஃபேன் ஓடுகிறது. ஞாயிற்றுக்கிழமை சமதளத்தில் அடங்கிப்போன ஓட்டை வெள்ளிமலை ஏற்றத்தில் அடங்கவேண்டும் என்று ஒன்றும் இல்லை.

இன்னொன்றும் அன்று இரவு நினைவுக்கு வந்தது. விற்பதற்கு முன்னால் நான் புகைச் சான்றிதழும் எடுத்துக் கொடுத்திருந்தேன். சோதனைக் கருவியை எங்கே செருகுகிறார்கள்? பின்னால், சைலன்சர் வாயில். அங்கே எல்லாம் சரியாக இருந்தது. சான்றிதழில் ஒரு எண்கூடப் பொய் இல்லை. ஆபத்து ஆறடி முன்னால் இருந்தது.

*

திருநாவலூர்க்காரர்களுக்குச் சுந்தரர் சொந்தக்காரர் மாதிரி. சடையனாருக்கும் இசைஞானியாருக்கும் பிறந்து, நரசிங்க முனையரையர் வீட்டில் வளர்ந்தவர். கல்வெட்டுகள் திருத்தொண்டீச்சரம் என்று சொல்லும் எங்கள் பக்தஜனேஸ்வரர் கோயிலில் அவருக்குச் சன்னிதி உண்டு. கல்யாணப் பந்தலில் ஒரு கிழவர் ஓலையோடு வந்து 'நீ எனக்கு அடிமை' என்று வழக்காடிய கதையை ஊரில் சின்னப் பிள்ளையும் சொல்லும். திருவொற்றியூர் கதையை நாங்கள் அவ்வளவாகச் சொல்லிக்கொள்வதில்லை. அந்த இரவில் என்னைத் தூங்கவிடாமல் செய்தது அதுதான்.

சேக்கிழார் பெரியபுராணத்தில் சொல்லும் நிகழ்ச்சி இது. திருவொற்றியூரில் சங்கிலியாரை மணக்க விரும்புகிறார் சுந்தரர். உன்னைப் பிரியமாட்டேன் என்று சத்தியம் செய்ய வேண்டும். திருவாரூரையும் பரவையாரையும் விட்டு அவரால் இருக்க முடியாது. அதனால் சிவனிடமே போய்க் கேட்கிறார்: நான் சன்னிதியில் சத்தியம் செய்ய வரும்போது நீர் அங்கே இருக்க வேண்டாம், மகிழ மரத்தடிக்குப் போய்விடும். சிவனும் சரி என்கிறார். ஆனால் சங்கிலியாரின் கனவில் போய்ச் செய்தியைச் சொல்லிவிடுகிறார். மறுநாள் தோழியர் சுந்தரரிடம் சொல்கிறார்கள்: இதற்குச் சன்னிதி எதற்கு, மகிழ மரத்தடியில் செய்தால் போதும். வேறு வழியில்லாமல் செய்கிறார். பிறகு சொல்லை மீறி ஒற்றியூர் எல்லையைத் தாண்டுகிறார். இரண்டு கண்ணும் போகிறது.

சிறுவயதில் இந்தக் கதையில் எனக்குப் புரிந்தது, சத்தியத்தை மீறியதால் கண் போயிற்று என்பது மட்டும்தான். எழுபதை நெருங்கும்போதுதான் முதல் குற்றம் வேறு இடத்தில் இருப்பது தெரிந்தது. அவர் பொய் சொல்லத் திட்டமிடவில்லை. பொய்யே இல்லாதபடி ஒரு ஏற்பாடு செய்யப் பார்த்தார். சொல்ல வேண்டிய சொல்லைச் சொல்வார், சொல்ல வேண்டிய இடத்தில் நின்றே சொல்வார். அந்தச் சொல்லைக் கேட்டுப் பிடித்துக்கொள்ளக்கூடியவர் மட்டும் அந்த நேரத்தில் அங்கே இருக்கமாட்டார்.

எட்டரை மணிக்கு மடப்பட்டு வரை போய்வந்த என் ஓட்டம் அதுதான். பேட்டரிக்காக அல்ல. காது கொடுத்துக் கேட்கப்போகிறவன் வருவதற்குள், கேட்கவேண்டிய சத்தத்தை வெளியே அனுப்பிவைத்தேன். அதற்குப் பிறகு நான் பேசியதெல்லாம் காலியான சன்னிதியில் செய்த சத்தியம்.

பெரிய ஆட்களும் இதையே பெரிய அளவில் செய்கிறார்கள். 2015 செப்டம்பர் 18 அன்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வெளியிட்ட அறிவிப்பால் ஃபோக்ஸ்வாகன் விவகாரம் வெடித்தது. டீசல் வண்டியின் கணினி, தான் சோதனை மேடையில் நிற்கிறோமா சாலையில் ஓடுகிறோமா என்று கண்டுகொள்ளும். மேடையில் நிற்கும்போது புகையை ஒழுங்காகச் சுத்தம் செய்யும். சாலைக்கு வந்ததும் நைட்ரஜன் ஆக்சைடுகளை அனுமதித்த அளவைப் போல 40 மடங்கு வரை கக்கும். உலகமெங்கும் ஏறத்தாழ 1.1 கோடி வண்டிகள். அப்போது அந்தச் செய்தியைப் படித்துவிட்டு எவ்வளவு கோபப்பட்டேன் என்று நினைவிருக்கிறது.

டயோஜனிஸ், ஆன்டிபேட்டர் இருவரையும் கேட்டுவிட்டு சிசரோ ஒரு முடிவு சொல்கிறார். பேசாமல் இருப்பதெல்லாம் மறைப்பது ஆகாது. உனக்குத் தெரிந்த ஒன்று தெரிந்தால் இன்னொருவனுக்கு நன்மை, அது அவனுக்குத் தெரியாமல் இருப்பதில் உனக்கு லாபம், அந்த லாபத்துக்காக அவன் அறியாமையை நீ விரும்புகிறாய் என்றால் அது மறைப்பது. நாக்கு என்ன செய்தது என்று அவர் கேட்கவில்லை, மனம் எதை விரும்பியது என்று கேட்கிறார். என் நாக்கு 'பேக்கிங் மாத்தணும்' என்றது. அது அவன் காதில் விழுந்து பதியக்கூடாது என்று மனம் விரும்பியது. அதனால்தான் 'அவசரமில்ல'.

உண்மையைச் சொல்வது என்பது வாயிலிருந்து அதை வெளியே தள்ளிவிடுவது அல்ல, கேட்பவன் கையில் அது போய்ச் சேரவேண்டும். டீக்கடைக்காரனிடம் 'பேக்கிங்' என்றால் ஒரு சின்னச் செலவு. 'கண்ணாடியை ஏத்தினா உன் பிள்ளைக்கு மயக்கம் வரும்' என்றால்தான் உண்மை. இரண்டும் ஒரே ஓட்டையைப் பற்றிய வாக்கியங்கள். முதலாவதைச் சொல்லிவிட்டு நான் உண்மையே பேசினேன் என்று நிம்மதியாக இருந்தேன். முழுக்க மௌனமாக இருந்திருந்தால் ஒருவேளை மனம் உறுத்தியிருக்கும், இரண்டு நாளில் போய்ச் சொல்லியிருப்பேன். அரைகுறையாகச் சொன்ன உண்மை அந்த உறுத்தலையும் அடைத்துவிட்டது. இரண்டு மாதம் நான் நன்றாகத் தூங்கினேன்.

*

மறுநாள் காலை ஆறு மணிக்கு அவன் வீட்டுக்குப் போனேன். வண்டி ஆறியிருக்கும் நேரம் என்பதற்காகவே அந்த நேரம். கிளப்பச் சொன்னேன். இரண்டு மாதத்தில் சத்தம் பெரிதாகியிருந்தது. கரிக்கோட்டைக் காட்டினேன். பட்டறை அண்ணன் என்னிடம் சொன்னதை, அவர் சொன்ன சொற்களிலேயே சொன்னேன். காலையில் சூடாக்கி வைத்ததையும் சொன்னேன். அவன் மனைவி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே போய்விட்டாள்.

அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "மாத்திடலாம் சார்" என்றான்.

கண்ணாடிகளை இறக்கிவிட்டு இருவரும் பட்டறைக்கு ஓட்டிப்போனோம். அண்ணன் அன்று கை வைக்கவில்லை. ஸ்டட் நட்டுகளில் துரு இளக்கும் எண்ணெயை அடித்து ராத்திரி முழுக்க ஊறவிட்டார். "சூட்டுல கழட்டினா அலுமினியத்துல மரை போயிடும். அவசரப்பட்டா உடையும்" என்றார். மறுநாள் தகட்டு மூடி, ஆக்சிஜன் சென்சார், கீழ்க்குழல் என்று ஒவ்வொன்றாகக் கழற்றினார். நட்டை ஒரேயடியாகத் திருகாமல் கால் சுற்று இளக்கி, அரைக்கால் சுற்று முடுக்கி, மறுபடி இளக்கி என்று போனார். அப்படியும் கடைசி ஸ்டட் முறிந்தது. முறிந்த மொட்டையில் ஒரு நட்டை வைத்து வெல்டிங் அடித்து, அந்தச் சூட்டோடு திருகி எடுத்தார். அதற்கே ஒரு மதியம் போயிற்று.

பழைய பேக்கிங் கருகி, ஒரு மூலையில் அப்பளம் போல உதிர்ந்தது. சுரண்டுவதற்கு முன் அதில் தண்ணீர் தெளித்தார். எதற்கு என்று கேட்டேன். "எந்தக் காலத்து பேக்கிங்னு யாருக்குத் தெரியும் சார். கல்நார் இருந்தாலும் இருக்கும். தூள் பறக்கக் கூடாது." நெருப்புக்கு அசையாது என்பதற்காக நெடுங்காலம் பேக்கிங்கில் கல்நாரைத்தான் வைத்தார்கள். அதன் தூசு நுரையீரலில் தங்கி, இருபது முப்பது வருடம் கழித்துக்கூட நோயாக வரும். தான் தொழில் கற்ற பட்டறையில் காற்றடித்து அந்தத் தூளை ஊதித்தள்ளுவார்கள் என்றார். அன்றைக்கு அந்தப் பையன்களிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை.

சிலிண்டர் வாசல்களில் துணி அடைத்துவிட்டுப் பரப்பைச் சுரண்டினார். மேனிஃபோல்டின் மேல் இரும்பு அளவுகோலை நிமிர்த்தி வைத்து, அடியில் கேஜ் தகட்டைச் செருகிப் பார்த்தார். நடுவில் வளைந்திருந்தது. "இத அப்படியே மாட்டினா புது பேக்கிங்கும் ஆறு மாசத்துல போயிடும்." லேத்துக்கு எடுத்துப்போய் இழைத்து வந்தோம். புதுத் தகட்டில் பசை எதுவும் தடவவில்லை. நடு நட்டிலிருந்து தொடங்கி இடம் வலம் என்று வெளியே போய், முதலில் லேசாக, பிறகு பாதி, பிறகு டார்க் ரெஞ்சில் முழு அளவு. ஓரத்திலிருந்து முடுக்கினால் நடுவில் காற்று நிற்கும் என்றார். இவ்வளவுக்கும் பிறகு தகட்டு மூடியை மாட்டியதும், செய்த வேலையில் ஒன்றுகூட வெளியே தெரியவில்லை.

"சரி, நாளைக்குக் காலைல வாங்க" என்றார்.

"முடிஞ்சுதே அண்ணே?"

"ஆறின பிறகு கிளப்பிப் பார்த்தாத்தான் முடிஞ்சுது."

அந்த மனிதருக்கு இது ஒரு தொழில் வழக்கம், அவ்வளவுதான். எந்த நேரத்தில் குறை தெரியுமோ அந்த நேரத்தில் தன் வேலையைத் தானே சோதிக்கிறார். நான் பள்ளியில் முப்பது வருடத்துக்கு மேல் நேர்மையைப் பற்றிப் பேசியிருக்கிறேன். அதை இவ்வளவு சுருக்கமாக என்னால் சொல்ல முடிந்ததில்லை.

*

மறுநாள் காலை வண்டி சத்தமில்லாமல் கிளம்பியது. பட்டறைக் கூலி, லேத் கூலி எல்லாவற்றையும் நான் கொடுத்தேன். அவன் தடுக்கவில்லை. பெட்ரோலுக்கு மட்டும் அவனே கொடுத்தான்.

திரும்பும் வழியில் நான் ஏதாவது பேச வேண்டும் என்று நினைத்து, "பாப்பா எப்படி இருக்கா?" என்றேன்.

"ஸ்கூலுக்குப் போயிருக்கா சார்" என்றான். கொஞ்ச தூரம் போன பிறகு, சாலையைப் பார்த்தபடியே கேட்டான்: "டீ குடிக்க வந்தீங்களே சார், அன்னிக்கே சொல்லியிருக்கலாமே?"

சூடாக்கி வைத்ததைக் கேட்பான் என்று எதிர்பார்த்து அதற்கு ஒரு பதில் தயாராக வைத்திருந்தேன். அவன் கேட்டது அதை அல்ல. விற்கும்போது எனக்கு ஒரு லாபம் இருந்தது, அது மனிதர்களுக்குப் புரியும் குற்றம். டீக்கடையில் நின்றபோது பணம் ஏற்கெனவே கைக்கு வந்துவிட்டது. குழந்தை வாந்தி எடுத்தது என்று தெரிந்த பிறகும் ஒரு இரவு முழுக்க என்னைப் பேசாமல் வைத்தது லாபம் அல்ல, 'வாத்தியார்' என்ற பெயர். அந்த ஒரு இரவில் அவர்கள் அந்த வண்டியில் எங்காவது போயிருந்தால்? போகவில்லை. அது அவர்களுடைய அதிர்ஷ்டம், அதில் என் பங்கு ஒன்றும் இல்லை.

அவனுக்கு நான் பதில் சொல்லவில்லை. கூட்டு ரோட்டில் இறங்கிக்கொண்டேன். இப்போதும் அவன் கடையில்தான் டீ குடிக்கிறேன். சார் என்றுதான் கூப்பிடுகிறான், டீயில் சர்க்கரை குறைவாகப் போடுவதை மறப்பதில்லை. காலையில் சில நாள் அந்த வண்டி எங்கள் தெரு வழியாகப் போகும், பாப்பாவைப் பள்ளிக்கு அழைத்துக்கொண்டு. ஆறிய எஞ்சின். வாசலில் நின்று காதைக் கொடுத்துக் கேட்கிறேன்.